பெரிய வீட்டுத் திண்ணை

உங்கள் முன்னால் இரண்டு செடான் கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் கார், பெரிய குடும்பத்துப் பிள்ளை. பானட் நுனியில் இருக்கிற சின்னத்தைப் பார்த்தாலே அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பார். ஆனால், அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி அது. சின்ன எஞ்சின். பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். 'அந்த வசதி இருக்கா?' என்று எதைக் கேட்டாலும், 'அது எக்ஸ்ட்ரா சார்' என்று சேல்ஸ்மேன் அழகாகச் சிரிப்பார்.

இரண்டாவது கார், நடுத்தரக் குடும்பத்து மூத்த பிள்ளை. தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற கம்பெனி. ஆனால், அதிலேயே டாப் மாடல். தோல் சீட், பெரிய எஞ்சின், ஆட்டோமேடிக் கியர், கால் நீட்டி உட்கார இடம், இன்னும் என்னென்னவோ. எக்ஸ்ட்ரா என்ற பேச்சே இல்லை. என்ன ஒன்று, வாட்ச்மேன் எழுந்திருக்க மாட்டார்.

எதை எடுப்பீர்கள்? பெரிய வீட்டுத் திண்ணையா, நம்ம வீட்டுக் கூடமா?

இது ஏதோ நேற்று முளைத்த தலைவலி என்று நினைத்தால், ம்ஹூம். இந்தக் கேள்விக்கு வயது நூறு. இதற்குத் தப்பாகப் பதில் சொல்லிக் காணாமல் போன கம்பெனி உண்டு. சரியாகப் பதில் சொல்லி உலகத்தையே வளைத்துப் போட்ட கம்பெனியும் உண்டு. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ஷோரூமுக்குள் நுழைவது நல்லது.

முதலில் அமெரிக்கா.

1908-ல் ஹென்றி ஃபோர்டு தன் 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தபோது விலை 850 டாலர். வருஷா வருஷம் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். 1920-களின் நடுவில் அது 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கார். 1914 முதல் 1925 வரை நிறம்கூட ஒன்றே ஒன்றுதான், கறுப்பு! டாக்டருக்கும் அதே கார், பால்காரருக்கும் அதே கார். ஒரு வகையில் பார்த்தால், இதைவிடப் பெரிய சமத்துவம் கிடையாது.

பிரச்னை என்ன தெரியுமா? டாக்டருக்கு அந்தச் சமத்துவம் பிடிக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரெட் ஸ்லோன். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரானவர். ஒல்லியான உடம்பு, காது மந்தம், மூளை மட்டும் கத்தி. அவர் கையில் பல கார் கம்பெனிகள் இருந்தன. ஒன்றோடு ஒன்று அடித்துக்கொண்டு கிடந்த அவற்றைப் பிடித்து, ஏணிப்படி மாதிரி வரிசையாக அடுக்கினார். கீழே ஷெவர்லே. உச்சியில் கேடிலாக். நடுவில் ஓல்ட்ஸ்மொபில், பியூக். கொஞ்ச காலத்தில் பான்டியாக்கும் சேர்ந்துகொண்டது. 'ஒவ்வொரு பணப்பைக்கும், ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கார்' என்று 1924-ல் பங்குதாரர்களுக்கு எழுதினார்.

வேலைக்குச் சேர்ந்ததும் ஷெவர்லே. பிரமோஷன் வந்தால் பான்டியாக். பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிற வயதில் பியூக். ரிட்டயர் ஆகும்போது கேடிலாக். அதாவது, கார் என்பது வண்டி மட்டுமல்ல. நீங்கள் வாழ்க்கையில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்கிற போர்டு. கையில் காசு இல்லையா? அதற்கும் 1919-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் தவணைக் கடன் கம்பெனி ஆரம்பித்திருந்தது. 1927-ல் மாடல் டி-யின் உற்பத்தியை ஃபோர்டு நிறுத்தினார். ஏணி ஜெயித்துவிட்டது.

அதே 1927-ல் இன்னொரு சங்கதி நடந்தது. பியூக்குக்கும் கேடிலாக்குக்கும் நடுவில் விலை இடைவெளி ரொம்பப் பெரிதாக இருந்தது. அதை நிரப்ப கேடிலாக் ஒரு தம்பியைப் பெற்றெடுத்தது. பெயர் லாசால். ஹார்லி ஏர்ல் என்ற இளைஞர் வடிவமைத்த கார். கேடிலாக் கம்பெனி தயாரிப்பு, ஆனால் கேடிலாக்கைவிட மலிவு. பெரிய வீட்டுக்குத் திண்ணை கட்டியாகிவிட்டது.

அடுத்த இரண்டே வருஷத்தில் வந்தது 1929. வால் ஸ்ட்ரீட் சரிந்தது. நேற்றுவரை கோடீஸ்வரராக இருந்தவர்கள் டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொகுசு கார் கம்பெனிகள் வரிசையாகப் படுத்தன. அன்றைக்கு அமெரிக்காவின் மூன்று பெரிய பெயர்கள் பேக்கார்ட், பியர்லெஸ், பியர்ஸ்-ஆரோ. இதில் பியர்லெஸ் 1931-ல் கார் செய்வதை விட்டுவிட்டு, அதே தொழிற்சாலையில் பீர் காய்ச்சப் போய்விட்டது. நிஜமாகத்தான்! பியர்ஸ்-ஆரோ 1938-ல் மூடப்பட்டது.

மிச்சம் பேக்கார்ட். சாதாரணப் பெயர் இல்லை அது. நம் சமஸ்தானத்து ராஜாக்களின் கார் கொட்டகைகளில்கூட பேக்கார்ட்கள் நின்றன. 'எங்கள் காரைப் பற்றி எங்களைக் கேட்காதீர்கள், வைத்திருப்பவரைக் கேளுங்கள்' என்பதுதான் அவர்களுடைய விளம்பரத்தின் சாரம். அவ்வளவு தன்னம்பிக்கை. ஆனால், பட்டினிக்கு முன்னால் தன்னம்பிக்கை எத்தனை நாள் நிற்கும்?

1935-ல் பேக்கார்ட் ஒரு காரியம் செய்தது. 'ஒன் ட்வென்ட்டி' என்று ஒரு கார். ஆரம்ப விலை 980 டாலர். பெரிய பேக்கார்ட்கள் 2,000 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் முகம் அதே முகம். தூரத்தில் வரும்போதே 'பேக்கார்ட் வருது' என்று தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. எட்டு சிலிண்டர் எஞ்சின், ஹைட்ராலிக் பிரேக், முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் என்று நிஜமான சரக்கோடுதான் கார் வந்தது. அதே காசுக்கு வசதிகள் நிறைந்த பியூக்கை வாங்கியிருக்கக்கூடியவர்கள், ஓடிப்போய் பேக்கார்டுக்கு அட்வான்ஸ் கட்டினார்கள். 1934-ல் பத்தாயிரத்தைக்கூடத் தொடாத கம்பெனியின் உற்பத்தி, 1937-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

சுபம் போடலாமா? அவசரப்படாதீர்கள்.

ஊரில் நூறு பேர் வைத்திருந்தபோது பேக்கார்ட் ஒரு மரியாதை. பத்தாயிரம் பேர் வைத்திருக்கும்போது? பல் டாக்டரும் பேக்கார்ட், பாங்க் முதலாளியும் பேக்கார்ட் என்றால், பாங்க் முதலாளி என்ன செய்வார்? எதிர்த்த கடைக்குப் போவார். எதிர்த்த கடையில் கேடிலாக் இருந்தது. கேடிலாக் சாமர்த்தியமாக, 1940-ல் லாசாலுக்கு மூடுவிழா நடத்திவிட்டது. திண்ணையை இடித்து, வாசலை உயர்த்திவிட்டார்கள்! இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்காவின் சொகுசு கார் என்றால் கேடிலாக் என்றாகிவிட்டது. பேக்கார்ட் 1954-ல் ஸ்டூடிபேக்கருடன் இணைந்தது. 1956-ல் டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்ட் வெளியே வந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம், ஸ்டூடிபேக்கர் காருக்கே பேக்கார்ட் என்று பெயர் ஒட்டி விற்றார்கள். 1958-ல் அந்தப் பெயரும் போய்ச் சேர்ந்தது.

மலிவு மாடல்தான் பேக்கார்டைக் கொன்றது என்று ஒரு கட்சி. அது மட்டும் இல்லாவிட்டால் பேக்கார்ட் முப்பதுகளிலேயே செத்திருக்கும் என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்களும் நானும் கம்பெனி முதலாளிகள் இல்லை, வாங்குகிறவர்கள். நமக்கு வேண்டிய உண்மை வேறு. 1935-ல் ஒன் ட்வென்ட்டி வாங்கியவர் நஷ்டப்படவில்லை. 980 டாலருக்கு அவருக்குக் கிடைத்தது நல்ல கார். நஷ்டம், திண்ணையைக் கொடுத்தவருக்குத்தான்.

சரி, இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும் அல்லவா? கூடத்துக்காரர்கள் சும்மா இருந்தார்களா?

இல்லவே இல்லை. பெரிய வீட்டில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் வீட்டுக்குக் கொண்டுவருவதே சாதாரணக் கார்களின் பிழைப்பு. 1912-ல் கேடிலாக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. அதுவரை முன்னால் போய் நின்று கம்பியைச் சுழற்றவேண்டும். அது திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். ஏழு வருஷம் கழித்து, 1919-ல் மாடல் டி-யிலும் செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடைத்தது. வழுக்காமல் பிரேக் பிடிக்கிற ஏ.பி.எஸ். 1978-ல் மெர்சிடிஸின் எஸ் கிளாஸ் காரில் வந்தபோது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான். 2019-ல் இந்தியாவில் விற்கும் எல்லா புதுக் கார்களிலும் அது கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. ஆக, சொகுசு காரில் இன்று இருக்கும் வசதிக்காக நீங்கள் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள் என்றால், அது ஒரு பொருளுக்கான விலை இல்லை, காத்திருக்காததற்கான விலை.

1965-ல் இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போனது. ஃபோர்டு தன்னுடைய சாதாரணக் காரையே ஜோடித்து, 'எல்.டி.டி.' என்று இறக்கியது. ஓடும்போது ரோல்ஸ் ராய்ஸைவிட எங்கள் வண்டிகள் அமைதி என்று விளம்பரம் வேறு! ஷெவர்லே விடுமா? அதே வருஷம் இம்பாலாவுக்கு அலங்காரம் பண்ணி 'கேப்ரிஸ்' என்று பெயர் வைத்தது. கீழ்ப்படியில் நிற்கிறவன் மேல்படிக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டான். ஸ்லோனின் ஏணியில் முதல் விரிசல்.

இப்போது 1980-களுக்கு வந்துவிடுவோம். நம் கேள்விக்கான பதில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பெட்ரோல் நெருக்கடிக் காலம். நீளமான கேடிலாக்குகளுக்கு மவுசு குறைந்து, வசதியான இளைஞர்கள் பி.எம்.டபிள்யூ. பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கேடிலாக் டீலர்கள், 'எங்களுக்கும் சின்னதா ஒண்ணு கொடுங்க' என்று நச்சரித்தார்கள். கொடுத்தார்கள். 1982-ம் வருஷ மாடலாக வந்தது கேடிலாக் சிமரான். தோல் சீட், ஏர்கண்டிஷனர், அலாய் வீல் என்று எல்லாம் இருந்தது. விலை சுமார் 12,000 டாலர்.

ஆனால் உள்ளே? ஷெவர்லே கேவலியர்! அதே அடிச்சட்டம், அதே கதவுகள், 88 குதிரைசக்தி கொண்ட அதே நாலு சிலிண்டர் எஞ்சின். சில ஆயிரம் டாலர் குறைவாகக் கொடுத்தால், பக்கத்து ஷோரூமில் கேவலியராகவே கிடைக்கும். கம்பெனிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் 'கேடிலாக் சிமரான்' என்றுகூடச் சொல்லாமல், 'சிமரான், கேடிலாக் தயாரிப்பு' என்று சுற்றி வளைத்தார்கள். ஜனங்கள் முட்டாள்களா? முதல் வருஷம் சுமார் 26,000 கார்கள்தான் போயின. அப்புறம் பெரிய எஞ்சினெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். 1988-ல் கதை முடிந்தது. உலகின் மோசமான கார்கள் என்று யார் பட்டியல் போட்டாலும், இன்றைக்கும் சிமரானுக்கு அதில் ஓர் இடம் உண்டு.

அதே 1982. டிசம்பர் மாதம். ஜெர்மனி.

மெர்சிடிஸ் பென்ஸும் ஒரு திண்ணை கட்டியது. பெயர் 190. 'பேபி பென்ஸ்' என்று செல்லமாக அழைத்தார்கள். அடிப்படை மாடலில் ஏறிப் பார்த்தால் அழுகை வரும். துணி சீட். ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றவேண்டும். ரேடியோவுக்குத் தனிக் காசு. அதே பணத்துக்கு ஃபோர்டிலோ ஓப்பலிலோ இதைவிடப் பெரிய, வசதிகள் நிறைந்த செடான் கிடைத்தது.

ஆனால், குனிந்து அடியில் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து தனித்தனி இணைப்புகள் பிடித்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு சஸ்பென்ஷன் மெர்சிடிஸின் பெரிய கார்களிலேயே அதுவரை கிடையாது. கடைக்குட்டிக்காகக் கண்டுபிடித்ததைத்தான் பிறகு அண்ணன்களுக்குப் போட்டார்கள். விபத்தில் ஆளைக் காப்பாற்றும் உடற்கட்டிலும் கஞ்சத்தனம் காட்டவில்லை. 1993 வரை 18 லட்சத்துக்கும் அதிகமான 190-கள் விற்றன. அதன் வாரிசுதான் சி கிளாஸ்.

பார்த்தீர்களா? ஒரே வருஷத்தில் இரண்டு திண்ணைகள். ஒன்றில் பட்டு மெத்தை விரித்திருந்தது, அடியில் அஸ்திவாரம் அடுத்த வீட்டுடையது. இன்னொன்றில் பாய்கூட இல்லை, ஆனால் அஸ்திவாரம் பெரிய வீட்டுடையது. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து வாங்கியவர் சிமரானை வாங்கினார். தெரியாததை விசாரித்து வாங்கியவர் 190 வாங்கினார்.

அப்படியானால் அஸ்திவாரம் தனியாக இருந்தால் திண்ணை, இல்லாவிட்டால் கூடம். கணக்கு முடிந்ததா? அதுதான் இல்லை. ஜப்பான்காரர்கள் வந்து இந்தக் கணக்கையும் கலைத்துப் போட்டார்கள்.

1981-ல் அமெரிக்காவின் நெருக்குதலால், வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்பமாட்டோம் என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. எண்ணிக்கைக்குத்தானே வரம்பு? விலைக்கு இல்லையே! அனுப்புகிற ஒவ்வொரு காரையும் வசதியாக, விலை கூடியதாக அனுப்ப ஆரம்பித்தார்கள். ஹோண்டா 1986-ல் 'அக்யூரா' என்று தனிச் சொகுசுக் கடையே திறந்தது. 1989-ல் டொயோட்டா திறந்த கடைதான் லெக்ஸஸ்.

அந்தக் கடையில் முதல் நாள் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று எல்.எஸ். 400. வருஷக்கணக்கில் உழைத்து, மெர்சிடிஸையே திகைக்கவைத்த கார். இன்னொன்று ஈ.எஸ். 250. அது யார்? டொயோட்டா கேம்ரிதான், வேஷம் போட்டுக்கொண்டு! சிமரான் கதைதான் மறுபடியும். எதிர்பார்த்தபடியே அது பெரிதாக ஓடவில்லை. ஆனால், டொயோட்டா இரண்டே வருஷத்தில் பாடம் படித்தது. 1991-ல் ஈ.எஸ். 300 வந்தது. கேம்ரியின் ரத்தம்தான், ஆனால் உடம்பு தனி, முகம் தனி, அமைதி தனி. பிய்த்துக்கொண்டு போனது.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் புது கேம்ரியும் வந்தது. அகலமாக, சத்தமே இல்லாமல். அதன் உயர்ந்த மாடலில் ஈ.எஸ். 300-ல் இருந்த அதே மூன்று லிட்டர் வி-6 எஞ்சின். நாலைந்தாயிரம் டாலர் குறைவு. எத்தனை அமெரிக்கக் குடும்பங்கள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு அழித்திருக்கும்! இரண்டு வீட்டுக்கும் ஒரே அஸ்திவாரம். இரண்டுமே உறுதி. இப்போது எதற்காகக் கூடுதல் பணம்?

பதில், காருக்குள் இல்லை, கடைக்குள் இருந்தது. 1989 டிசம்பரில், கடை திறந்து சில மாதங்கள்கூட ஆகாதபோது, எல்.எஸ். 400-ல் ஒரு குறை தெரியவந்தது. விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப வாங்கிச் சரிசெய்யவேண்டும். லெக்ஸஸ் என்ன செய்தது தெரியுமா? ஆள் அனுப்பி, வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்துப்போய், ரிப்பேர் பார்த்து, கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பித் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது. சில வாரங்களில் எல்லாம் முடிந்தது. தலைகுனிவாக முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஊரெல்லாம் பேசும் பெருமையாகிவிட்டது. ஈ.எஸ். 300 வாங்கியவர் அந்த உபசாரத்துக்குத்தான் கூடுதல் காசு கொடுத்தார். கேம்ரி வாங்கியவர், 'எனக்கு உபசாரம் வேண்டாம், மிச்சப் பணம் பிள்ளை படிப்புக்கு ஆகும்' என்றார். இரண்டு பேரும் புத்திசாலிகள்தான். ஏனென்றால், எதற்குக் கொடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

இந்த ஏணி நம் ஊருக்கும் வந்து பல வருஷம் ஆகிறது. 2007-ல் செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்து, 3 சீரிஸ் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. 2020-ல் அதற்கும் ஒரு படி கீழே, 2 சீரிஸ் கிரான் கூபே என்ற நாலு கதவுக் கார் வந்தது. பி.எம்.டபிள்யூ. செடான் என்றால் பின் சக்கரம் தள்ளவேண்டும் என்று இருந்த காலம் போய், இதில் முன் சக்கரம் இழுத்தது. அடித்தளம், அதே குடும்பத்தின் மினி கார்களோடு பங்குபோட்டுக்கொண்டது. தப்பு என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

ஆகவே, ஷோரூமுக்குப் போனால் சீட்டைத் தடவிப் பார்ப்பது அப்புறம். அந்தச் சின்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, 'இது இல்லாவிட்டாலும் இந்த விலைக்கு இதை வாங்குவேனா?' என்று உங்களையே கேளுங்கள். வாங்குவேன் என்று மனசு சொன்னால் அது 190. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மனசு தயங்கினால், அது சிமரானாக இருக்கலாம். அதற்குமேல் சேல்ஸ்மேனிடம் ஒரு கேள்வி: 'வாரன்ட்டி முடிந்த பிறகு, ஆறாவது வருஷம் ஒரு ஹெட்லைட் உடைந்தால் என்ன செலவு?' அவர் சொல்லும் தொகையைக் கேட்டு உங்கள் முகம் மாறினால், அந்த வீடு உங்களுக்கு இல்லை. காரை வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்குத் தீனி போடுவது பத்து வருஷம்.

வாட்ச்மேன் எழுந்து நிற்பாரே என்கிறீர்களா? நிற்பார். பழகிவிட்டால், மூன்றாம் மாதம் உட்கார்ந்துவிடுவார். தவணை மட்டும் அறுபதாவது மாதம் வரை எழுந்து நின்றுகொண்டே இருக்கும்.